முன்னால் மட்டுமே போகும் கார்

என் வகுப்புக்காரிகளே, அறுபதைத் தாண்டியும் வாட்ஸப் குழுவில் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புகிறவர்களே, கொஞ்ச நேரம் பூவை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

போன வாரம் உங்களில் ஒருத்தி எங்கிருந்தோ ஒரு பழைய புகைப்படத்தைத் தோண்டி எடுத்துப் போட்டாள். இரட்டைச் சடை, பட்டை ரிப்பன், கையில் கப்பு, காலடியில் ஒரு சிவப்புக் கார். நான்தான். உடனே கைதட்டும் படங்கள் வரிசை கட்டி வந்தன. ‘நம்ம விஞ்ஞானி’ என்றாள் ஒருத்தி. ‘அந்தக் காலத்திலேயே கார் செஞ்சவ’ என்றாள் இன்னொருத்தி. அடுத்த மாதம் நம் பள்ளியில் நடக்கும் மாணவர் அறிவியல் போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட வேண்டும், ‘நான் செய்த கார்’ என்று பத்து நிமிடம் பேசச் சொல்ல வேண்டும் என்று நீங்களாகவே முடிவும் செய்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் காரை நான் செய்யவில்லை என்று சொல்லியிருப்பேன். அல்லது, என் வழக்கப்படி, சொல்லாமல் இருந்திருப்பேன்.

இப்போதைய போட்டிகளை நான் பார்க்காதவள் இல்லை. போன வருடம் பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்தேன். ஹால் நிறைய மேசை, மேசைக்கு ஒரு கார். எல்லாம் ஒரே பெட்டியில் வந்த கார். கைபேசியில் ஆர்டர் போட்டால் வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்பாக்கள் லீவு போட்டு உட்கார்ந்து ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று, மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். நடுவர் ஒருவர் காரைப் பார்க்கவே இல்லை, பிள்ளைகள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன்.

நாம் ஒன்பதாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பெஞ்சுக்காரி என்றே சொல்கிறேன். பெயர் உங்களுக்குத் தெரியும். மறந்திருந்தால் வெட்கப்படுங்கள். மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி டவுனுக்கு வருவாள். அவளுடைய வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார். அவள் தெருவில் பெண்பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். இவளை மட்டும் நிறுத்தாததற்கு ஒரே காரணம் ஒரு டேப்ரிக்கார்டர்.

சிரிக்காதீர்கள். வாப்பா கடிதம் எழுத மாட்டார், கேசட்டில் பேசி அனுப்புவார். லீவில் ஊருக்கு வருகிற யாராவது சோப்பு, தைலம், சேலைத் துணியோடு அந்தக் கேசட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். உம்மா அதை வைத்துக் கேட்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கேசட்டில் புருஷன் சொல்வதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வார். ஒவ்வொரு கேசட்டிலும் வாப்பா மறக்காமல் ஒன்றைச் சொல்வார்: பிள்ளை படிக்கட்டும். வாப்பாவின் அண்ணன் பக்கத்துத் தெருவில் இருந்தார். குடும்பத்துக்கு மூத்தவர், அவளுக்குப் பெரிய வாப்பா. ‘வயசுக்கு வந்த பிள்ளைக்கு டவுன்ல என்ன வேல’ என்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போவார். உம்மா அடுத்த கேசட்டுக்காகக் காத்திருப்பார். அடுத்த கேசட்டும் அதையே சொல்லும். இப்படித்தான் அவள் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் காதில் சொன்னாள்.

“ஏட்டி, டேப்புக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு தெரியுமா? சின்னதா, உருண்டையா. நாலு பேட்டரிக்கட்ட போட்டா நம்ம கார் பறந்துரும்.”

“உங்க உம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சாத்தானே. கேசட் இப்பதான் வந்துச்சு. இனிமே பெருநா கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள திருப்பி மாட்டிருவேன்.”

மாவட்ட அறிவியல் போட்டிக்கு வகுப்புக்கு ஒரு படைப்பு என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். மற்ற வகுப்புகளில் எரிமலையும் இதயமும் செய்தார்கள். எரிமலை என்றால் மண்ணைக் குவித்து மேலே சிவப்பு மை ஊற்றுவது. இவள் மட்டும்தான் ஓடுகிற ஒன்றைச் செய்கிறேன் என்று கையைத் தூக்கினாள். கூட ஒரு ஆள் வேண்டும் என்றதும் என்னைக் கைகாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

வேப்பமரத்தடியில் அவள் காரைச் செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பழப்பெட்டிப் பலகைதான் அடிப்பாகம். பவுடர் டப்பா மூடிகள் சக்கரம். சைக்கிள் சக்கரக் கம்பியை வெட்டி, மை தீர்ந்த பேனாக் குழாய்க்குள் விட்டு அச்சு செய்தாள். குழாய்க்குள் கம்பி லேசாகச் சுற்ற வேண்டும் என்று உம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டாள். அந்த எண்ணெய் வாசனை அவள் விரல்களில் எப்போதும் இருக்கும், தயிர்ச்சாதம் சாப்பிடும்போதும் இருக்கும். மோட்டாரைக் கொண்டுவந்த அன்று கைக்குட்டையில் முடிந்து, பாவாடை இடுப்பில் செருகியிருந்தாள். அதிலிருந்து ரப்பர்ப் பட்டை ஒன்று சக்கரத்துக்குப் போனது. அதுவும் டேப்பில் இருந்ததுதான், பெல்ட் என்று சொல்வாள். மோட்டாரின் பின்புறம் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. உள்ளே ஒரு குட்டித் திருகாணி. அதைத் திருப்பினால் வேகம் கூடும், எதிர்ப்பக்கம் திருப்பினால் குறையும். அவள் கூட்டினாள். கார் மரத்தடியிலிருந்து குடிதண்ணீர்த் தொட்டி வரை ஓடி முட்டி நின்றது. நீங்கள் கத்திய கத்தலில் இரண்டு காக்காய் பறந்து போயின.

நான் செய்தது இரண்டு. எங்கள் வீட்டு டார்ச்சிலிருந்து பேட்டரிக்கட்டைகளைக் கழற்றிக் கொடுத்தேன். சட்டை வந்த அட்டைப்பெட்டியை மேலே கவிழ்த்து அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தது, அதையும் அவள்தான் சரி செய்தாள்.

போட்டி பாளையங்கோட்டையில். காலையில் கிளம்பும் முன் பெரிய டீச்சர் காரை அவர் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். தலைமை ஆசிரியையை நாம் அப்படித்தான் சொல்வோம். புது வண்டி என்றால் பூசை போடாமல் எடுக்கக் கூடாதாம். அந்த வருடம்தான் அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கியிருந்தார், அந்த அனுபவம். காருக்கு விபூதிப் பட்டை, சந்தனம், அதன்மேல் கை நிறையக் குங்குமம். முன்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பெஞ்சுக்காரி பேட்டரிக் கம்பியை இணைத்தாள். கார் பழத்தில் முட்டி, ‘ங்ஙீ’ என்று அழுதுகொண்டே நின்றது.

“ஆகாத சகுனமா இருக்கே” என்றார் பெரிய டீச்சர், முகம் வெளுத்து.

“பழம் பெருசு டீச்சர்” என்றாள் இவள்.

பியூன் பழத்தை அப்பளம் போல மெல்லியதாக வெட்டி வைத்தார். கார் அதன்மேல் ஏறியது. பெரிய டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பட்டம் வாங்கிய மனுஷி அவர். அன்று எனக்கு அது வேடிக்கையாக இல்லை, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் பெஞ்சுக்காரி காரை மடியில் வைத்து உற்றுப் பார்த்தாள். குங்குமம் அட்டையிலிருந்து உதிர்ந்து பெல்ட்டில் படிந்திருந்தது. எனக்குக் காட்டினாள். “பொடி பட்டா பெல்ட் வழுக்கும். சக்கரம் சுத்தாது” என்று தாவணி முனையால் பைய துடைக்க ஆரம்பித்தாள். மேலே இருந்து இன்னும் உதிரும் என்று அட்டையில் இருந்ததையும் துடைத்தாள். முன் சீட்டிலிருந்து அறிவியல் டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“என்னட்டி பண்ணுத? குங்குமத்தையா அழிக்க?”

“இல்ல டீச்சர், பெல்ட்டுல பட்டா…”

“வாயாடாத. பெரிய டீச்சர் கையால வச்ச குங்குமம். உங்க வழக்கத்தயெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்க.”

“அது இல்ல டீச்சர், வழுக்கும்…”

டீச்சர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லுட்டி. அவ என்ன செஞ்சா?”

பெல்ட் வழுக்கும் என்பதற்காகத் துடைத்தாள் என்று சொல்ல எனக்கு நாலு வார்த்தை போதும். அவள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் துடைத்தாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே யாரோ எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“தொடச்சா டீச்சர்.”

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள அயோக்கியத்தனம்.

டீச்சர் அங்கேயே பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். படைத்தவர் பெயர் என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். “இவளுக்கு உச்சரிப்பு நல்லாருக்கு. இவ விளக்கட்டும்” என்று பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரிடம் சொன்னார். உச்சரிப்பாம். விளக்கவுரையை எழுதியதே பெஞ்சுக்காரிதான். மிச்ச தூரம் முழுக்க அவள்தான் அதை எனக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். கோபமே படவில்லை. “மோட்டாருங்கும்போது கைய இங்கன காட்டு. கம்பிய விட்டுட்டு அட்டையத் தொடாத” என்றாள். கார் ஓட வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

போட்டி ஹாலுக்குள் அவளை விடவில்லை. சாப்பாட்டுத் தூக்குகளோடு வராந்தாவில் நின்றாள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு. நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர், பெரிய மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. நான் ஒப்பித்தேன். கம்பியை இணைத்தேன். கார் நேராக ஓடியது. பெல்ட் வழுக்கவில்லை.

“மோட்டார் எங்கம்மா வாங்குன?” என்று கேட்டார். ஒப்பித்ததில் அது இல்லை.

“ஜங்ஷன்ல சார்.”

“பின்னால போகுமா?”

போகாது. டேப் மோட்டார் ஒரு பக்கம்தான் சுற்றும், வேறு பக்கம் சுற்ற அதற்கு வேலை இல்லை. மரத்தடியில் ஒரு தடவை அவள் இதைச் சொன்னபோது நான் புளியங்காய் தின்றுகொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். அவள் கையை ஆட்டி எதையோ சொன்னாள், புரியவில்லை. பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்த ஏதோ ஒன்று வாயில் வந்து விழுந்தது.

“முன்னேற்றம் ஒன்றே எங்கள் குறிக்கோள் ஐயா! பின்னால் போக எங்களுக்குத் தெரியாது!”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் கைதட்டினார்கள். முதல் பரிசு. அறிவியல் போட்டியில், கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததற்கு முதல் பரிசு. அந்தப் பேராசிரியர் பிறகு எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டாரோ, நினைத்தால் பயமாக இருக்கிறது.

அப்புறம் எடுத்ததுதான் அந்தப் புகைப்படம். மறுநாள் பிரேயரில் நீங்கள் கைதட்டினீர்கள். யார் செய்தது என்று தெரிந்தும் தட்டினீர்கள். உங்களை அன்று நான் குறை சொல்லவில்லை, எனக்கு அது இனித்தது. எங்கள் அப்பா பொதுப்பணித்துறையில் இன்ஜினியர். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ‘ரத்தத்துல வருது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

காரைப் பெரிய டீச்சர் தன் அறையில் இருந்த கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், கப்புக்குப் பக்கத்தில். அதற்குத் திரும்பவும் குங்குமம் வைத்தார்கள். பள்ளியின் சொத்து என்று அட்டையில் எழுதியும் வைத்தார்கள். பெஞ்சுக்காரி முதலில் கவலைப்படவில்லை. பெருநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. பைய கேட்டுக்கொள்ளலாம் என்றாள்.

ஆனால் கேசட் பெருநாளுக்குக் காத்திருக்கவில்லை. யாருக்கோ தகப்பனார் இறந்துபோய் அவசரமாக ஊருக்கு வந்தார்கள், அவர்களிடம் வாப்பா கொடுத்துவிட்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை அவள் வந்தபோது முகமே சரியில்லை.

“நேத்து கேசட் வந்துட்டுட்டி. உம்மா போட்டுப் பாத்தாக, சுத்தல. பழுதாயிட்டு, சரி பாக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். பெரிய வாப்பா வேற வந்து, பரீட்சை முடிஞ்சா நிறுத்திரணும்னு சொல்லிட்டுப் போயிருக்காக. அதுக்கு வாப்பா கேசட்டுல என்ன சொல்லிருக்காகன்னு உம்மாவுக்குத் தெரியணும். நீயும் வாட்டி, பெரிய டீச்சர்ட்ட கேப்போம்.”

நான் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். அவள் தனியாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் பியூன் வந்து என்னைக் கூப்பிட்டார்.

அறையில் பெரிய டீச்சர் நாற்காலியில். அறிவியல் டீச்சர் பக்கத்தில் நின்றார். அவள் அலமாரிக்கு அருகில் நின்றாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்.

“இந்தப் பிள்ள சொல்லுதா, கார் இவ செஞ்சதாம். மோட்டாரு இவ வீட்டு டேப்ரிக்கார்டர்ல உள்ளதாம். வேணுமாம்” என்றார் பெரிய டீச்சர். “நீ சொல்லு. யாரு செஞ்சா?”

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கணக்கில் விடை தெரிந்தவள் பலகையைப் பார்ப்பதுபோல நிம்மதியாகத்தான் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்குப் பிரேயர் ஹால் ஞாபகம் வந்தது. அப்பா ஞாபகம் வந்தது.

“நான்தான் டீச்சர்.”

“மோட்டாரு?”

“ஜங்ஷன்ல வாங்கினது.”

“கேட்டியா?” என்றார் அறிவியல் டீச்சர், ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல. காரின் வயரைக்கூட அவர் ஒரு நாள் தொட்டுப் பார்த்ததில்லை. “அடுத்தவ பொருளுக்கு ஆசப்படுத புத்திய விடு. போ கிளாசுக்கு.”

“சரி டீச்சர்” என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று மத்தியானம் செய்தி வகுப்பு முழுக்கப் பரவியது. உங்களில் சிலர் அவள் வந்து உட்கார்ந்ததும் பென்சில் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். யார் யார் என்று எனக்கு இன்னும் தெரியும். குழுவில் பக்திப் பாட்டு அதிகம் அனுப்புகிறவர்களும் அதில் உண்டு. அந்த வாரம் முழுக்க அவள் வந்தாள், என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெஞ்சில் எனக்குக் கை நீட்டி எழுத இடம் கிடைத்தது.

பிறகு ஒரு நாள் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காரைச் செய்த மாணவியைக் கூப்பிடு என்றார்கள். அலமாரியைத் திறந்தார்கள். நான் ஓட்டிக் காட்டினேன். அதிகாரி ‘பேஷ்’ என்றார். கொண்டுபோய் இருந்த இடத்தில் வை என்று என்னிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் வடை, காபிக்குப் போனார்கள். அறையில் நான் மட்டும். அட்டையைத் தூக்கினேன். மோட்டாரை இரண்டு திருகாணிதான் பிடித்திருந்தது. காம்பஸ் முனையால் நெம்பிக் கழற்றினேன். மோட்டாரையும் பெல்ட்டையும் டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். அட்டையைக் கவிழ்த்து, கார் முகம் வெளியே தெரிய வைத்தேன். பத்தாம் வகுப்பு முடிந்து நான் வெளியே வரும்வரை அது அங்கேதான் இருந்தது. வருகிற பெரிய மனிதர்களெல்லாம் குனிந்து பார்த்துப் பாராட்டினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் மேலப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டை விசாரித்துப் போனேன். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளே கதவைத் திறந்தாள். வீட்டில் கட்டும் சாயம் போன பாவாடை தாவணி, தலையில் துணி. நான் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். அவள் மோட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“உள்ள வா. உம்மா தொழுதுட்டிருக்காக. சத்தம் போடாத.”

அலமாரி மேலிருந்து டேப்ரிக்கார்டரை இறக்கினாள். பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது. துணியை எடுத்ததும் அத்தரும் தைலமும் கலந்த வாசனை வந்தது. பின்மூடியைக் கழற்றி, மோட்டாரை வைத்து, வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். என்னிடம் சொல்வதுபோல இல்லை, வேலைக்கு நடுவே தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

“உம்மா ஒரு வாரம் பொறுத்தாக. அதுக்கு மேல முடியல. கேசட்ட எடுத்துக்கிட்டு பெரிய வாப்பா வீட்டுக்குப் போயிட்டாக. அங்கன டேப் இருக்குல்லா. எல்லாரும் இருந்தாக, பெரியம்மா, அக்காமாரு, எல்லாரும். வாப்பா சலாம் சொல்லிட்டு எடுத்த எடுப்புலேயே இந்தப் பேச்சத்தான் பேசுனாக. ‘அண்ணன் சொல்லுதாகன்னு பிள்ளய நிறுத்திராத. எட்டோட நிறுத்துன அவுக பிள்ளைக ரெண்டும் என்ன சொகத்தக் கண்டுச்சு’ன்னு. அக்காமாரு ரெண்டு பேரும் அங்கனதான் இருந்தாக. பெரிய வாப்பா எந்திரிச்சு நிறுத்திட்டாக. கேசட்ட எடுத்து உம்மா கையில குடுத்தாக. மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடம் இல்ல.”

“உங்க வாப்பாட்ட சொன்னா…”

“இனிமே வாப்பா சொன்னாலும் உம்மா அனுப்ப மாட்டாக. அக்காமாரு முகத்துல எப்படி முழிப்பேங்காக.”

பெரிய வாப்பாவை நான் ஏசத் தயாரில்லை. தன் வீட்டில், தன் பெண்மக்கள் முன்னால் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்தக் குரல் அந்த வீட்டில் ஒலித்திருக்கவே கூடாது. இந்த அறையில், உம்மாவின் காதுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டிய குரல். அதை அங்கே கொண்டுபோய் விட்டது நான்.

அவள் கேசட்டைப் போட்டாள். பட்டனை அமுக்கினாள். சுற்றியது. ஆனால் உள்ளே பேசியது ஒரு சின்னப் பையன். கீச்சுக் குரலில் கடகடவென்று என்னவோ சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“காருக்கு வேகம் கூட்டி வச்சிருந்தேன்லா” என்றாள்.

மெல்லிய திருப்புளியை எடுத்து மோட்டார் துளைக்குள் விட்டாள். திருப்பினாள். பையன் வாலிபன் ஆனான். இன்னும் திருப்பினாள். குரல் இழுத்து இழுத்து, கிழவர் தூக்கத்தில் பேசுவதுபோல ஆனது. அவள் தலையை ஆட்டினாள். “இது இல்ல.” கொஞ்சம் திரும்ப வந்தாள். “இதுவும் இல்ல.” கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல் ஒரு நூல் அளவுக்கு அசைந்தது.

“…உடம்பப் பாத்துக்க. வேளைக்குச் சாப்பிடு. மருந்து தீந்துட்டா சொல்லி வுடு…”

ஒரு சாதாரண ஆண்குரல். கொஞ்சம் சளி பிடித்த குரல்.

“இதான்” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. “இதான் வாப்பா.”

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். உம்மா வாசல்நிலையில் நின்றுகொண்டிருந்தார். தொழுகைக்குப் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி அப்படியே இருந்தது. பெரிய வாப்பா பாதியில் நிறுத்தியதற்கு மேல் உள்ளதை அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு, கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை அசையாமல் நின்றார். அழவில்லை. முடிந்ததும் கிட்டே வந்து டேப்ரிக்கார்டரை ஒரு விரலால் தொட்டார்.

“யாரும்மா சரி பண்ணுனது?”

பெஞ்சுக்காரி திருப்புளியைத் தாவணிக்குள் மறைத்திருந்தாள்.

“இவதாம்மா” என்றாள். “கார் செஞ்சு கப்பு வாங்கினால்லா, அவ.”

உம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. “அல்லா இந்தக் கைக்குப் பரக்கத் தரட்டும்” என்று வாழ்த்தினார். என் முகத்தைப் பார்த்து, நம்ப முடியாமல் இன்னொரு தடவை கேட்டார்.

“நீயாம்மா செஞ்ச?”

மோட்டாரைக் கழற்றியது அவள் என்று உம்மாவுக்குத் தெரியாமல் காப்பாற்றத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த அறையில் கப்பு இல்லை, கைதட்ட ஆள் இல்லை, பயப்பட ஒரு டீச்சரும் இல்லை.

“ஆமா” என்றேன்.